சிவப்பு பட்டன் யாருக்காக?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் கடை சாத்தியே கிடந்துச்சு. (யாரும் தேடலைன்னு தெரியும், இருந்தாலும் ஒரு மரியாதைக்குச் சொல்லி வைக்கிறேன் :-)) இன்னிக்கு மொக்கை கிடையாது. கொஞ்சம் சீரியஸான மேட்டர். பதிவு நீளம், டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

அமெரிக்காவில் ஓடுற நிறைய கார்கள்ல, பின்னாடி பார்க்கிற கண்ணாடிக்கு அடியிலோ, தலைக்கு மேல லைட் இருக்கிற இடத்திலோ ஒரு சின்ன சிவப்பு பட்டன் இருக்கும். வண்டி வாங்குறப்போ சேல்ஸ்மேன் அதைக் காட்டி, "அவசரத்துக்கு இதை அமுக்குங்க, மோதிட்டா நீங்க அமுக்காமலே அதுவா பேசும்"னு சொல்லுவார். நாமளும் தலையாட்டிட்டு, "அதெல்லாம் சரி, ப்ளூடூத்ல ராஜா பாட்டு எப்படிங்க போடுறது?"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். இலவசக் காலம் முடிஞ்சதும் காசு கட்டச் சொல்லி மெயில் வரும். நம்மாளுங்க பத்துல எட்டு பேர் அதை அப்படியே டெலீட் பண்ணிடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச வட்டத்துல கணக்கு போட்டுச் சொல்றேன், சர்வே எல்லாம் இல்லை.

அந்த பட்டனுக்குக் காசு கட்டலாமா வேண்டாமாங்கிறதுதான் இந்தப் பதிவு. என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: கட்டலாம். ஆனா நாம காசு கட்டித்தான் அது வேலை செய்யணும்ங்கிற நிலைமையே தப்பு. ஏன்னு சொல்றேன்.

தல கதை

மிச்சிகன்ல நாங்க நாலு பேர் ஒரே வீட்டுல இருந்தோம். அதுல வயசுல மூத்தவனை எல்லாரும் "தல"ன்னுதான் கூப்பிடுவோம். கோவில்பட்டிக்காரன். தலைக்கு அப்போ கலமசூவுல ப்ராஜெக்ட். திங்கள்கிழமை போனா வியாழக்கிழமை ராத்திரி திரும்புவான். ஐ-94 ரோட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

அந்த ரோட்டைப் பத்தி மிச்சிகன்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஏரியில இருந்து காத்து ஈரத்தை அள்ளிட்டு வந்து, திடீர்னு பனியாக் கொட்டும். பத்து மைல் முன்னாடி வானம் பளிச்சுனு இருக்கும், பத்து மைல் தள்ளி முன்னாடி போற வண்டி தெரியாது. 2015 ஜனவரியில இதே ரோட்டுல, கலமசூவுக்கும் பேட்டில் க்ரீக்குக்கும் நடுவுல, 193 வண்டி ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. அதுல ஒரு லாரி நிறைய பட்டாசு! எரிஞ்சு வெடிச்ச வீடியோ இப்பவும் யூட்யூப்ல கிடைக்கும்.

தலைக்கு நடந்தது 2023 ஜனவரியில. ஆல்பியன் தாண்டி வந்துட்டிருக்கான். ராத்திரி பதினோரு மணி இருக்கும். ரோடு ஈரமா இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுதாம். அது ஈரம் இல்லை, ஐஸ். வண்டி ஒரு சுத்து சுத்தி, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு தடவை உருண்டு, கீழ மரங்களுக்கு நடுவுல போய் நின்னுச்சு. மேல ரோட்டுல போற யாருக்கும் தெரியாத பள்ளம். லைட் அணைஞ்சு போச்சு. டேஷ்போர்டுல மாட்டியிருந்த போன் எங்கே போச்சுன்னே தெரியல. (மறுநாள் பின் சீட்டுக்கு அடியில கிடைச்சுது.)

இதுக்கப்புறம் அவன் சொன்னதை அவன் வார்த்தையிலயே சொல்றேன்.

"மாப்ள, ஏர்பேக் வெடிச்ச புகை, ஒரு மாதிரி வெடிமருந்து வாசனை. காது ரெண்டும் ஙொய்ங்னு இருக்கு. அந்த இருட்டுக்குள்ள ஒரு பொம்பளக் குரல். என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. நான் செத்துப் போய்ட்டேன், மேல யாரோ வருகைப்பதிவு எடுக்காங்கன்னே நினைச்சேன்."

தலையோட பேர் குலசாமி பேர். நமக்கே வாய் சுளுக்கும். அந்தம்மா அதை மூணு துண்டாக்கி, மூணையும் தப்பா உச்சரிச்சிருக்காங்க. "அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சுல"ன்னான்.

வண்டி எங்கே கிடக்கு, உருண்டுச்சா இல்லையா, எந்தப் பக்கம் அடி எல்லாம் அந்தம்மாவுக்கு ஏற்கனவே தெரியும். தலைக்கு இங்கிலீஷ் வரல. ஆன்சைட் வந்து ஆறு வருஷம் ஆச்சு, கிளையண்ட்டோட சண்டையெல்லாம் இங்கிலீஷ்ல போடுறவன், அன்னிக்கு வாயில வந்தது "அம்மா... முடியலம்மா..." மட்டும்தான். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா லைனைக் கட் பண்ணல. "நான் இங்கதான் இருக்கேன். ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. தூங்கிடாதீங்க. எதாவது பேசிட்டே இருங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்திருக்காங்க. இவன் தமிழ்ல புலம்ப, அந்தம்மா இங்கிலீஷ்ல ஆறுதல் சொல்ல, பதினெட்டு நிமிஷம். போலீஸ்காரர் டார்ச் அடிச்சு கதவைத் தட்டின பிறகுதான் "குட் லக்" சொல்லி வச்சாங்களாம்.

ரெண்டு விலா எலும்பு, ஒரு காரை எலும்பு உடைஞ்சிருந்துச்சு. அதெல்லாம் பெரிசில்லை. மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுட்டு இருந்துச்சு. வெளியில ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. ராத்திரியோட ராத்திரியா ஆன் ஆர்பர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஆபரேஷன். விடிகாலை நாங்க மூணு பேரும் போய் நின்னப்போ டாக்டர் சொன்ன ஒரே வாக்கியம்: "சீக்கிரம் கொண்டு வந்துட்டாங்க." அன்னிக்கு ராத்திரி குளிர் மைனஸ் பதினொண்ணு. காலையில ரோட்டுல உப்பு போடுற வண்டிக்காரன் யாராவது பார்க்கிற வரைக்கும் அங்கேயே கிடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நாங்க யாரும் வாய்விட்டுப் பேசிக்கல.

வண்டி எப்படிப் பேசுது?

பொட்டி தட்டுறவன் புத்தி சும்மா இருக்குமா? தல தேறி வந்த பிறகு இது எப்படி வேலை செய்யுதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

ஏர்பேக்கை எப்போ வெடிக்கணும்னு முடிவு பண்ண வண்டியில ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு. வேகம் எவ்வளவு சட்டுனு குறையுது, எந்தப் பக்கத்துல இருந்து அடி, வண்டி உருளுதா, பெல்ட் போட்டிருக்காங்களா எல்லாம் அதுக்குத் தெரியும். மோதின உடனே அது வண்டிக்குள்ள ஓடுற நெட்வொர்க் வழியா இன்னொரு பெட்டிக்குச் சேதி சொல்லும். இந்த ரெண்டாவது பெட்டிக்குள்ள ஒரு செல்போன், ஒரு ஜி.பி.எஸ் இருக்கும். பல வண்டிகள்ல தனியா ஒரு சின்ன பேட்டரியும் உண்டு, மெயின் பேட்டரி நசுங்கினாலும் பேசணும்ல. ஆன்டெனா வண்டிக்கு மேல கூரையில. அதனால பாக்கெட்ல இருக்கிற போனை விட இதுக்கு சிக்னல் கொஞ்சம் நல்லாவே கிடைக்கும்.

அமெரிக்காவில் இதை முதல்ல பெரிய அளவுல கொண்டு வந்தது ஜெனரல் மோட்டார்ஸ். 1996-ல் ஆன்ஸ்டார்னு பேர் வச்சு காடிலாக் வண்டிகள்ல ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல ஏர்பேக் வெடிச்சாத்தான் போன் போகும். அப்புறம் அதிர்வை அளக்கிற சென்சார்களோட தகவலையும் சேர்த்து அனுப்ப ஆரம்பிச்சாங்க, ஏர்பேக் வெடிக்காத மோதலும் இதுல மாட்டும்.

அந்தத் தகவல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 2008 வாக்கில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி ஒரு நிபுணர் குழுவைக் கூட்டி ஒரு பரிந்துரை கொடுத்துச்சு. வேகம் குறைஞ்ச அளவு, அடி விழுந்த திசை, பெல்ட், உருண்டதா இல்லையா, ஒண்ணுக்கு மேல மோதல் நடந்ததா... இதையெல்லாம் வச்சு, உள்ளே இருக்கிறவருக்குப் பெரிய காயம் பட்டிருக்க 20 சதவீதமோ அதுக்கு மேலயோ வாய்ப்பு இருந்தா, அவரைப் பெரிய விபத்துச் சிகிச்சை மையத்துக்கே கொண்டு போற அளவு அவசரமா எடுத்துக்கணும்னு சொன்னாங்க. ஆம்புலன்ஸ் ஆள் போய்ப் பார்க்கிறதுக்கு முன்னாடியே வண்டி ஒரு முதல் மதிப்பீடு கொடுக்குது. தல மாதிரி வெளியில ஒரு கீறலும் இல்லாம உள்ளுக்குள்ள ரத்தம் கசியுற கேஸுக்கு இது எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

ஐரோப்பாக்காரன் வேற வழியில போனான். அங்கே 2018 மார்ச் 31-லிருந்து புதுசா அனுமதி வாங்குற ஒவ்வொரு கார் மாடலிலும், சின்ன வேன் மாடலிலும் ஈ-கால் கட்டாயம். சந்தா கிடையாது, கம்பெனி கால் சென்டரும் தேவையில்லை. மோதினா வண்டி நேரா 112-க்கு, அதாவது அரசாங்கத்தோட அவசர எண்ணுக்குப் போன் போடும். பேச்சோட சேர்த்து ஒரு சின்ன தகவல் பொட்டலமும் போகும்: எந்த வண்டி, எந்த இடம், எந்தத் திசையில போயிட்டிருந்துச்சு, எத்தனை மணிக்கு, தானா வந்த அழைப்பா பட்டன் அமுக்கினதா, பெட்ரோலா டீசலா மின்சாரமா. மொத்தம் 140 பைட். நாம ஒரு காலத்துல காலேஜ்ல பைசா கணக்கு பார்த்து அனுப்பினோமே எஸ்.எம்.எஸ், அதுக்குள்ள அடங்குற அளவும் அதேதான். ஒரு உசுரைக் காப்பாத்தத் தேவையான விஷயம் ஒரு எஸ்.எம்.எஸ் அளவுதான்னு படிச்சப்போ எனக்கு என்னமோ பண்ணிச்சு.

திசை எதுக்குன்னு கேட்பீங்க. நாலு வழிச் சாலையில நடுவுல தடுப்பு இருந்தா, எதிர்ப் பக்கம் போய் நின்ன ஆம்புலன்ஸ் யூ-டர்ன் அடிக்கப் பத்து மைல் போகணும். நம்ம ஊர் பைபாஸ் ரோட்டுல போனவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

ஈ-காலால் உதவி போய்ச் சேர்ற நேரம் நகரத்துல 40 சதவீதமும் கிராமப்புறத்துல 50 சதவீதமும் குறையலாம்னு ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டிருக்கு. கிராமப்புறத்துல ஏன் அதிகம்? அங்கேதான் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

சித்தப்பா

இந்த இடத்துல இதைச் சொல்லியாகணும். எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சித்திகிட்டயும் கேட்டேன். "எழுதுப்பா, நாலு பேருக்குத் தெரியட்டும்"னாங்க.

2016-ல் நான் காலேஜ்ல இருந்தப்போ, சித்தப்பா சென்னையில ஒரு வேலையை முடிச்சிட்டு ராத்திரியே மதுரைக்குக் கிளம்பினார். வண்டியில அவர் மட்டும்தான். உளுந்தூர்பேட்டை தாண்டி, ராத்திரி ரெண்டு மணிவாக்கில், வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஓடைக்குள்ள போயிடுச்சு. சுத்தி சீமைக்கருவேலம். மேல லாரியும் பஸ்ஸுமா போயிட்டேதான் இருந்திருக்கு. யாருக்கும் தெரியல.

சித்தி மூணு மணியில இருந்து போன் பண்ணிட்டே இருந்தாங்க. ரிங் போச்சு, எடுக்கல. "வண்டி ஓட்டிட்டு இருப்பார், அதான் எடுக்கல"ன்னு அப்பா சமாதானம் சொல்லியிருக்கார். அஞ்சரை மணிக்கு ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர் காதுல, புதருக்குள்ள போன் அடிக்கிற சத்தம் கேட்டிருக்கு. அவர்தான் கண்டுபிடிச்சார். ரோட்டுக்கு ஓடி வந்து ஒரு லாரியை மறிச்சு, அந்த டிரைவர்கிட்டச் சொல்லி 108-க்குப் போன் போட வச்சார். அந்தப் பெரியவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

108 பதினஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு. அவங்க மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. சித்தப்பாவுக்கு அப்போ உயிர் இருந்துச்சு. விழுப்புரம் கொண்டு போற வழியில போயிட்டார்.

அப்பா டாக்டர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டார். "முன்னாடியே கொண்டு வந்திருந்தா?" டாக்டர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பிழைச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆனா முயற்சி பண்ண எங்களுக்கு நேரம் கிடைச்சிருக்கும்"னார்.

ஆம்புலன்ஸ் வந்தது பதினஞ்சு நிமிஷம். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஆனது மூணரை மணி நேரம்.

நம்ம ஊர்ல விபத்துன்னாலே ஆம்புலன்ஸ் லேட்டு, ஆஸ்பத்திரி சரியில்லைன்னுதான் பேசுவோம். அதுவும் பேச வேண்டியதுதான். ஆனா அந்தச் சங்கிலியோட முதல் கண்ணி, யாராவது ஒருத்தர் போனை எடுத்து, "இந்த இடத்துல, இப்படி ஆயிடுச்சு"ன்னு சொல்றது. அந்த ஒருத்தர் இல்லாத இடத்துல மத்த எல்லாக் கண்ணியும் இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்தச் சிவப்பு பட்டன் சமாச்சாரம் செய்யுறது அந்த ஒரே வேலைதான். அது டாக்டர் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. ஆடு ஓட்டிட்டு வந்த அந்தப் பெரியவர் செஞ்ச வேலையை, மூணரை மணி நேரம் முன்னாடி செய்யும்.

ஓட்டைகளும் உண்டு

ரொம்பப் புகழ்ந்துட்டேன். இப்போ மறுபக்கம்.

முதல் ஓட்டை, செல்போன் தொழில்நுட்பம் சீக்கிரம் மாறும், கார் பதினஞ்சு வருஷம் ஓடும். அமெரிக்காவில் பழைய அனலாக் நெட்வொர்க்கை 2008-ல் மூட ஆரம்பிச்சப்போ, அதை நம்பியிருந்த கார்கள்ல எல்லாம் இந்த வசதி செத்துப் போச்சு. 2022-ல் 3ஜி-யை மூடினப்போ மறுபடியும் அதே கதை. நான் இங்க வந்து வாங்கின முதல் வண்டி 2013 மாடல், செகண்ட் ஹேண்ட். பட்டன் அழகா இருந்துச்சு. அமுக்கினா ஒரு சத்தமும் வராது. சோபா செட்டுல வைக்கிற பிளாஸ்டிக் பழம் மாதிரி! ஐரோப்பாவிலும் முதல் தலைமுறை ஈ-கால் 2ஜி, 3ஜி-யை நம்பினது. அதனாலதான் 2026-லிருந்து வர்ற புது மாடல்களுக்கு 4ஜி, 5ஜி-யில ஓடுற அடுத்த தலைமுறை ஈ-கால் வேணும்னு விதியை மாத்தியிருக்காங்க. ஏற்கனவே ரோட்டுல ஓடுற கோடிக்கணக்கான வண்டிகளை என்ன பண்றதுங்கிறது அங்கே பெரிய தலைவலி.

ரெண்டாவது, சந்தா. சீட் பெல்ட்டுக்கு மாசாமாசம் காசு கட்டச் சொன்னா ஒத்துப்போமா? ஏர்பேக்குக்கு? சந்தா முடிஞ்ச வண்டியில, எல்லா சென்சாரும் இருக்கும், போன் இருக்கும், ஜி.பி.எஸ் இருக்கும், ஆனா மோதினா வாயை மூடிட்டு இருக்கும். இத்தனைக்கும் அமெரிக்காவில் சிம் இல்லாத, பில் கட்டாத செல்போன்ல இருந்துகூட 911-க்குப் பேசலாம்னு சட்டம் இருக்கு. ஃபோர்டு கம்பெனி 2008 வாக்குலயே வேற வழி காட்டினாங்க: வண்டி மோதினா, ப்ளூடூத்ல இணைச்சிருக்கிற ஓட்டுநரோட போன் வழியாவே நேரா 911-க்குப் போடும். மாசக் கட்டணம் இல்லை. குறை என்னன்னா, போன் உடைஞ்சா கதை முடிஞ்சுது.

மூணாவது, வேவு. வண்டிக்குள்ள மைக் இருக்கு, இருக்கிற இடம் தெரியும், எந்நேரமும் நெட்வொர்க்ல இருக்கு. இதை யாராவது சும்மா விடுவாங்களா? எஃப்.பி.ஐ ஒரு தடவை இப்படிப்பட்ட ஒரு வண்டியோட மைக்கைத் திறந்து உள்ளே பேசுறதை ஒட்டுக்கேட்டாங்க. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. 2003-ல் ஒன்பதாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாதுன்னு சொல்லிடுச்சு. காரணம்தான் சுவாரஸ்யம். அந்தரங்கம் போச்சுன்னு சொல்லல. ஒட்டுக்கேட்டுட்டு இருக்கிற நேரத்துல அவசர உதவி வேலை செய்யாது, காசு கட்டினவருக்குச் சேவை தடைபடுதுன்னு சொன்னாங்க! அதாவது சேவையைக் கெடுக்காம ஒட்டுக்கேட்கிற வழி இருந்தா? அந்தக் கேள்வி அப்படியே தொங்குது.

இன்னும் கிட்டத்துல, 2025 ஜனவரியில அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி, ஜெனரல் மோட்டார்ஸ், ஆன்ஸ்டார் மேல நடவடிக்கை எடுத்துச்சு. ஓட்டுநர்கள் எங்கே போறாங்க, எப்படி பிரேக் அடிக்கிறாங்கங்கிற தகவலைச் சரியான சம்மதம் இல்லாம சேகரிச்சு வித்தாங்கன்னு குற்றச்சாட்டு. நுகர்வோர் விவரம் தொகுக்கிற கம்பெனிகளுக்கு அந்தத் தகவலை அஞ்சு வருஷத்துக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அறிவிப்பு. அந்தத் தகவல் போய்ச் சேர்ற இடம் இன்ஷூரன்ஸ் கம்பெனி. உசுரைக் காப்பாத்துற பெட்டியே பிரீமியத்தை ஏத்துற பெட்டியாவும் ஆனா, ஜனங்க பட்டனையே வேண்டாம்னு ஒதுக்கிடுவாங்க. நஷ்டம் யாருக்கு?

இதுலயும் ஐரோப்பிய ஈ-கால் ஒரு நல்ல பாடம். விபத்து நடக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி தூங்கிட்டுத்தான் இருக்கணும், வண்டியைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. ஒரு இன்ஜினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. தேவைப்படும்போது மட்டும் முழிச்சுக்கிற சிஸ்டம். எங்க டீம்ல சில பேரும் இதே ஆர்க்கிடெக்சர்தான் :-)

போன் இருக்கே, வண்டி எதுக்கு?

நியாயமான கேள்வி. தங்கமணியும் இதைத்தான் கேட்டாங்க. கூகுள் பிக்சல் போன்ல 2019-லயே கார் விபத்தைக் கண்டுபிடிக்கிற வசதி வந்துடுச்சு. ஆப்பிள் 2022-ல் ஐபோன் 14-லயும் அந்த வருஷ வாட்ச்லயும் கொண்டு வந்தாங்க. கடுமையான மோதல்னு தோணினா சத்தம் போட்டு எச்சரிக்கும், நாம பதில் சொல்லலைன்னா அதுவா அவசர எண்ணுக்குப் போன் போடும். ஆரம்பத்துல ஒஹையோவில் ராட்டினத்துல ஏறினவங்க போன் எல்லாம் 911-க்குப் போன் போட்டு, கொலராடோவில் பனிச்சறுக்கு விளையாடினவங்க போனும் போட்டு, அங்கே வேலை பார்க்கிறவங்க நொந்துட்டாங்க.

போன்ல நல்லது என்னன்னா, எந்த வண்டியில போனாலும் கூடவே வரும். டாக்சி, நண்பன் வண்டி, ஓட்டை வண்டி எதுவானாலும் சரி. சந்தாவும் இல்லை. அதனால முதல்ல அதை ஆன் பண்ணுங்க. ஆனா தல போன் பறந்து போய்ப் பின் சீட்டுக்கு அடியில கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்த நிலைமையில போன் 911-க்குப் போட்டாலும், பேசுற குரல் உங்க காதுக்கு எட்டணும், உங்க முனகல் அதுக்கு எட்டணும். வண்டியில மைக்கும் ஸ்பீக்கரும் ஆணி அடிச்ச இடத்துல இருக்கு. உருண்டுச்சா இல்லையான்னு வண்டிக்குத் தெரியும், போனுக்கு ஊகம்தான். என்னைக் கேட்டா ரெண்டும் வேணும். நாமதான் ப்ரொடக்‌ஷன் சர்வருக்கே ரெண்டு பேக்கப் வைக்கிற ஆளுங்களாச்சே.

நம்ம ஊர்ல?

இந்தியாவில் 2019-லிருந்து சில கார்கள்ல இந்த வசதி வந்திருக்கு. அந்த வருஷம் வந்த ஹூண்டாய் வென்யூவில் மோதினா தானா தகவல் சொல்ற வசதியும் எஸ்.ஓ.எஸ் பட்டனும் இருந்துச்சு. அப்புறம் மத்த கம்பெனிகளும் கொண்டு வந்தாங்க. பஸ், டாக்சி மாதிரி பொது வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ்-140ன்னு ஒரு விதி, இடம் காட்டுற கருவியும் அவசர பட்டனும் வேணும்னு. ஆனா சொந்தக் கார்ல மோதினா தானா பேசணும்னு கட்டாயம் எதுவும் இல்லை.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. செத்தவங்கள்ல 44.5 சதவீதம் டூ வீலர்ல போனவங்க. அவங்க தலைக்கு மேல எந்தச் சிவப்பு பட்டனும் இல்லை. பி.எம்.டபிள்யூ 2016-ல் தன் பைக்குக்கு அவசர அழைப்பு வசதி அறிவிச்சுது, ஆனா அந்த பைக் விலையில நம்ம ஊர்ல மனை வாங்கலாம். அதனால கார்ல வர்ற இந்த வசதி நம்ம பிரச்சினையில ஒரு துண்டைத்தான் தீர்க்கும். அதை மறைச்சுப் பேசுறதுல அர்த்தமில்லை.

ஆனா பின்னாடி வேண்டிய கண்ணிகள் பல நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. 2008-லிருந்து 108 ஓடுது. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விபத்துல உதவுறவங்களைப் போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துலயும் வந்துடுச்சு. இவ்வளவும் இருந்தும், ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா ஓடைக்குள்ள கிடக்கிறவருக்காக 108-ஐக் கூப்பிட ஆள் இல்லை. 140 பைட். அதை நேரா 108-க்கோ 112-க்கோ அனுப்புற பெட்டியை, சந்தா இல்லாம, ஒவ்வொரு புது வண்டியிலும் வைக்கச் சொல்லி ஒரு விதி போட்டா போதும். அந்தப் பெட்டிக்கு ஆகுற காசு, கம்பெனிகள் இப்போ வைக்கிற சன்ரூஃபை விடக் கம்மியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

தல இப்போ டெட்ராய்ட் பக்கமே வேலை மாத்திட்டு வந்துட்டான். கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு. அந்தம்மா யாருன்னு கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்னு கால் சென்டருக்குப் போன் பண்ணினான். பேரையெல்லாம் தர மாட்டோம், சேதி மட்டும் சேர்த்துடுறோம்னாங்களாம். "என்னய்யா சொன்ன?"ன்னு கேட்டேன். "என் பேரை எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் கொடுத்தேன்"னான்.

கொசுறு:

1. உங்க வண்டியில அந்த பட்டன் இருந்தா, இன்னிக்கே அது உயிரோட இருக்கான்னு பாருங்க. சிவப்பை அமுக்காதீங்க சாமிகளா, அது நிஜமாவே போயிடும். வண்டியோட ஆப்லயோ, கம்பெனியோட சாதாரண உதவி பட்டன்லயோ கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

2. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா, பட்டன் இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. உள்ளே இருக்கிறது 3ஜி-யா 4ஜி-யான்னு கேளுங்க. பழைய ஓனர் கணக்கை எடுத்துட்டு உங்க பேரையும், கூட ஒரு அவசரத் தொடர்பு எண்ணையும் போடுங்க.

3. "ஓட்டும் விதத்தைப் பகிர்" மாதிரி எந்த வசதி இருந்தாலும் அணைச்சு வைங்க. அவசர உதவி வேற, அது வேற.

4. போன்ல விபத்து கண்டுபிடிக்கிற வசதியும் அவசரத் தொடர்பும் போட்டாச்சா? அப்பா அம்மா போன்லயும் போட்டுக் கொடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

5. ராத்திரி ரோட்டோரம் தடுப்பு வளைஞ்சோ, புதர் முறிஞ்சோ, டயர் தடம் இறங்கியோ தெரிஞ்சா, ஒரு நிமிஷம் வண்டியை ஓரமா நிறுத்திட்டு 108-ஐக் கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போங்க. ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானே.

உங்க அனுபவம் எதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மீண்டும் சந்திப்போம், ஆணி குறைஞ்சா.